பிடிக்குள் இருந்த பெயர்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்த குகன், மேசைமேல் வாளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்த ஜோனத்தனின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான்.

“எங்கடா ஒளிக்கிற?”

“வெட்டிக்கப் போற, கைய எடு லா!”

ஜோனத்தனுக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழம்பொருள் கடை. மூன்று நாளைக்கு முன்புதான் குகன் அந்த வாளை, துடைத்து எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தான். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் தாத்தா கைக்கு வந்து, கிள்ளானில் குகனின் லோரி பட்டறையில் கிடந்த வாள். நானூறு வருடத்துச் சரக்கு. கைப்பிடியைக் கழற்றினால், உள்ளே கறுத்துத் துருவேறிய இரும்பில், அதை அடித்த கொல்லனின் பெயர் உளியால் வெட்டப்பட்டிருக்கும். அந்தத் துருவை விவரம் தெரிந்தவன் தொடமாட்டான். வாளின் வயதுக்கு அதுதான் சாட்சி.

அந்தப் பெயரைப் பார்க்கத்தான் கொல்லனின் வம்சத்துப் பெண் ஜப்பானிலிருந்து வந்திருக்கிறாள். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டாள். வாளை அவளிடமே ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்தவன் குகன்.

துணியை விலக்கினான். பிடிக்குள் இருக்கும் இரும்பு புது எவர்சில்வர் கரண்டிபோலப் பளபளத்தது. துரு இல்லை. பெயரும் இல்லை.

“மாத்திட்டியேடா பாவி! அசல் எங்க?”

“இப்பத்தான் பிடியப் பிரிச்சேன். இப்படித்தான் இருந்துச்சு, சத்தியமா.”

“கதை விடாத. ஆகஸ்ட்ல நானே பிரிச்சு போட்டோ எடுத்திருக்கேன், இந்தா பாரு.”

ஜோனத்தன் குகனின் போனைப் பிடுங்கி வாளுக்குப் பக்கத்தில் வைத்தான். “வெட்டுற ஓரமா அலையலையா ஓடுது பாரு. காய்ச்சித் தண்ணியில முக்கினப்ப விழுந்த கோடு. ஒண்ணுபோல இன்னொண்ணு வராது, பாஸ்.”

குகன் ஒவ்வோர் அலையாக ஒப்பிட்டான். இம்மியும் பிசகவில்லை. அதே வாள்தான். சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியது.

“அப்ப பெயர ஏன்டா அழிச்ச? எவன் அழிக்கச் சொன்னான்?”

“என் பொழப்பே அந்தத் துருவுலதான் ஓடுது. நான் போய்த் தேய்ப்பேனா?”

“போலீஸ்ல சொல்லு.” குகன் போனை எடுத்தான்.

காரை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த அவன் மனைவி தாமரை, ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். மேசைமேல் கிடந்ததைப் பார்த்த முகம் வெளுத்திருந்தது.

“அண்ணன விடுங்க. ஆயுத பூசைக்கு முதல் நாளு, பட்டறையில ஒண்ணுவிடாம சுத்தம் பண்ணச் சொன்னீங்கல்ல... துருப் பிடிச்சத எப்படிங்க சாமி முன்னாடி வைக்கிறது? பிடியக் கழட்டி, நான்தான் கிரைண்டர்ல தேய்ச்சேன்.”