கண்ணாடியில் வைத்த பொட்டு

"உங்களை வேலைக்கு அனுப்பறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. வெளியூர்ல தங்கற சோலி மட்டும் வேண்டாம். எங்கம்மா தாங்காது."

"செரிங்க."

பெண் பார்க்க வந்த அன்று குழந்தைவேல் கேட்டதும் அங்கம்மாள் சொன்னதும் அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல் ஏழு வருஷமாக அவள் காலைக் கட்டிப் போட்டிருந்தது.

திருச்செங்கோட்டுக் கிளை நூலகத்துக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்தது எண்பத்தேழில். அதை இயக்கக் கற்றுக்கொள்ள மெட்ராஸில் பத்து நாள் பயிற்சி என்று இரண்டு முறை கடிதம் வந்தது. நூலகர் அருணகிரிக்குக் கண்ணில் புரை. போக வேண்டியவள் உதவியாளரான அங்கம்மாள்தான். இரண்டு முறையும் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதி அனுப்பிவிட்டு, மெஷினை இறக்கிவைத்த ஆள் அரைமணி நேரம் காட்டியதை வைத்தே காலம் தள்ளினாள். வீட்டில் வாய் திறக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு, வீட்டில் நிற்கும் போர்வெல் ரிக் லாரிக்கு வைப்பது போலவே மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மூடியைத் தூக்கி, உள்ளே கண்ணாடிக்கும் ஒன்று. மறுநாளிலிருந்து நகல் ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. மை கட்டிவிட்டது என்று நினைத்து அவள் தினமும் மைப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மெஷினே பொட்டு வைத்துத் தருகிறது, மங்களகரம்தான் என்று வாசகர்கள் கேலி பேசினார்கள்.

நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்த செல்லாயியின் மார்க் ஷீட்டில் அந்த வட்டம் விஞ்ஞான மார்க்கின் மேலேயே உட்கார்ந்தது. பரவாயில்லை, போகும் என்று தைரியம் சொல்லி அனுப்பியவள் அங்கம்மாள்தான். விண்ணப்பம் திரும்பி வந்தபோது கடைசித் தேதி தாண்டிவிட்டது.

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் மூடியைத் தூக்கி, கண்ணாடியில் ஈரத்துணியால் ஒரே இழுப்பு இழுத்தான். வட்டம் போயிற்று.

செல்லாயி சண்டைக்கு நிற்கவில்லை. திரும்பி வந்த உறையை மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, அடுத்த வருசமாச்சும் நல்லா எடுத்துக் குடுப்பீங்களா?"

அங்கம்மாள் உறையை எடுத்து வைக்க இழுப்பறையைத் திறந்தாள். பயிற்சிக்கு அழைத்த மூன்றாவது கடிதம் உள்ளே கிடந்தது. நாளைக்குள் பதில் போக வேண்டும்.

பொழுது சாய, வழக்கம்போல் குழந்தைவேல் மொபெட்டில் வந்து நின்றான். கையில் அவளுக்குச் சூடாக வறுகடலை. முரடனாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது கேட்டிருப்பாள். இத்தனை பிரியமுள்ளவனிடம் கொடுத்த வாக்கை எப்படித் திருப்பி வாங்குவது?

"ஏறு புள்ள. அம்மா வாசலப் பாத்துட்டே உக்காந்திருக்கும்."

அவள் ஏறவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க, என்னைப் பத்து நாளைக்கு மெட்ராஸ்ல தங்கிப் படிக்க அனுப்புங்க."