ஞாயித்துக்கிழம பாக்குறேன்

கூடத்து நடுவில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் போதகர் வீட்டுப் பிரிண்டரைக் கவிழ்த்துப் போட்டிருந்தான் லிம்பானி. வலது கை மணிக்கட்டு வரை கறுப்பு மை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பழைய பல்தேய்ப்பானால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலை. நாளைய ஆராதனைத் தாள்கள் இந்தப் பிரிண்டரில்தான் அச்சாக வேண்டும் என்று போதகரின் மனைவி இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டாள்.

எஸ்னாத் நாற்காலியில் உட்கார்ந்து நாலாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நோட்டுகள் மடியில் குறையவே இல்லை. வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். நான்கு நோட்டுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி அவன் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைக்கு மூன்றடி தள்ளி, மூலையில், இடுப்பில் சுற்றும் பச்சைச் சித்தென்ஜே துணி ஒன்றைப் போர்த்தி நின்ற தன் வீட்டுக் கணினியைப் பார்த்தாள்.

“கை அழுக்காத்தானே இருக்கு. அதையும் பாத்துடலாமே.”

“பாக்குறேன், தியாமிக்கே அம்மா,” என்றான் அவன், தலை நிமிராமல். “ஞாயித்துக்கிழம பாக்குறேன்.”

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அவள் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து முப்பது ஞாயிறுக்கு மேல் வந்து போயிருந்தது.

சிலோமோனியில் அந்தத் தெருவில் கெட்டுப்போகும் எதுவும் லிம்பானியிடம்தான் வரும். லிம்பேயில் ஒரு தேயிலைக் கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று பேராவது நிறுத்திவிடுவார்கள். ஒருத்தியின் ஃபோன் சார்ஜ் ஏறவில்லை, பாடகர் குழுத் தலைவரின் மடிக்கணினி பாட்டுகளை விழுங்கிவிட்டது, இன்னொருவர் வீட்டில் டிவி பேசுகிறது ஆனால் முகம் காட்டவில்லை. எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்வான். எதிர்வீட்டு ஃபெஸ்டினா கிணற்றடியில் சிரிப்பாள்: “உன் வீட்டுக்காரர நாங்க எல்லாருமாச் சேந்து கட்டிக்கிட்டோம் எஸ்னாத். உனக்குத் துணி தோய்க்கிற பங்கு மட்டுந்தான்.” எஸ்னாத்தும் சிரிப்பாள். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்காது.

அந்தக் கணினியில் இருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி மதிப்பெண் பட்டியல்கள், லிம்பானியின் பழைய சான்றிதழ்கள், ஒரு கல்யாண ஊர்வலத்தின் படங்கள். அவற்றோடு நான்கு நிமிடமும் சில நொடிகளும் ஓடும் ஒரு வீடியோ. அதில் அவர்கள் மகள் தியாமிக்கே முக்காலிமேல் ஏறி நின்று பாடம் எடுப்பாள். அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கரண்டியைப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டு, சோபாவில் வரிசையாக உட்காரவைத்த தலையணைகளுக்கு வருகைப்பதிவு எடுப்பாள். நடுவில், படம் பிடித்துக்கொண்டிருந்த அப்பா சிரித்துவிட, கரண்டி அவன் பக்கம் திரும்பும். வகுப்பில் சிரித்ததற்காக லிம்பானி வெளியே அனுப்பப்படுவான். படம் ஆடும். அவ்வளவுதான்.

அது சில வருஷங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் எடுத்தது. மார்ச் மழையில் காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை பள்ளிக்குப் போன பிள்ளை திங்கட்கிழமை இல்லை. ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஆனாலும் ஊர் அவர்களைத் தியாமிக்கே அம்மா, தியாமிக்கே அப்பா என்றே கூப்பிட்டது; அவர்களும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். படம் எடுத்த ஃபோனை மறு வருஷம் லிம்பே பேருந்து நிலையத்தில் எவனோ பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். அன்று எஸ்னாத் பெரிதாகக் கலங்கவில்லை. பிள்ளைதான் வீட்டில், கணினிக்குள் பத்திரமாக இருக்கிறாளே.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலிலிருந்து வந்ததும் அவள் அதைப் போட்டுப் பார்ப்பாள். லிம்பானி ஒரு நாளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. அடுக்களைக்குப் போய்விடுவான். அங்கே தண்ணீர் குடிப்பான், அல்லது தண்ணீர் குடிப்பதுபோல நிற்பான். ஜனவரி கடைசியில் ஓர் இடிமழையில் மின்சாரம் போய், வந்து, மறுபடி போய் வந்தது. அதன்பிறகு பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது.

அப்போது லிம்பானி, “பாக்குறேன்,” என்றான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை மகளின் கல்லறையில் நட்ட புதுக் கல்லைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. ந்ச்செயுவிலிருந்து லிம்பானியின் அம்மாவும் சொந்தங்களும் வருகிறார்கள். பேத்தி பாடம் எடுத்ததை அந்த அம்மா பார்த்ததே இல்லை. அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்காரும்போது அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எஸ்னாத் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். பெயர் வெட்டிய கல்லை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் ஊர் திரும்புவது அவளுக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் ஆகஸ்டிலிருந்து கேட்பது கூடியது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் கூடின.

ஒருநாள் சாப்பாட்டில் அவள் கேட்டே விட்டாள், மகளை மறந்துவிட்டீர்களா என்று. அவன் கையில் உருட்டியிருந்த ன்சிமாக் களியைத் தட்டில் திரும்ப வைத்தான். கையைக் கழுவினான். வாசலுக்குப் போய், இருட்டும்வரை பாடகர் குழுத் தலைவரோடு மைக் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் குரல் உள்ளே கேட்டது. நடுவில் ஒருமுறை சிரித்தான். இந்த மனுஷன் நெஞ்சில் என்ன இருக்கிறது, கல்லா, என்று எஸ்னாத் அன்று நினைத்தாள். அன்று நினைத்தது பிறகு பழகிப்போனது.

பிரிண்டரைச் சரிசெய்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி பாதி நாளோடு முடிந்தது. அவன் லிம்பேயில் வேலையில் இருந்தான். எஸ்னாத் கணினிப் பெட்டியின் கம்பிகளைப் பிடுங்கினாள். எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பெட்டியைப் பச்சைத் துணியிலேயே முடிந்து மினிபஸ் ஏறினாள். நடத்துனன் அதைக் காலடியில் வைக்கச் சொன்னான். அவள் மடியிலிருந்து இறக்கவில்லை. லிம்பே வருவதற்குள் முழங்கால் மரத்துப்போயிற்று.

பட்சானியின் கடை ஓர் இரும்புக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. லிம்பானியோடு ஒன்றாகப் படித்தவன், துக்க வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தவன். அவளைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் கைகொடுத்தான். வீட்டுக்காரருக்கு நேரமில்லை, நீங்களாவது பாருங்கள், இரண்டு வாரத்தில் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எஸ்னாத் முடிச்சை அவிழ்த்தாள். துணி விலகியதும் பட்சானி பெட்டியைப் பார்த்தான். தொடவில்லை.

“அண்ணி,” என்றான். “லிம்பானி உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?”

அவள் என்ன என்று கேட்டாள். அவன் கடை வாசலைப் பார்த்தான், யாராவது வாடிக்கையாளர் வந்து தன்னைக் காப்பாற்ற மாட்டார்களா என்பதுபோல. யாரும் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினான். தூசியும் கம்பிகளும், நடுவில் ஒரு வெறும் இடமும் இருந்தன.

இடி விழுந்த மறுவாரமே லிம்பானி இதைக் கொண்டுவந்துவிட்டதாகப் பட்சானி சொன்னான். பள்ளியில் அவள் இருந்த நேரத்தில் எடுத்துவந்து, மாலைக்குள் திருப்பி வைத்திருக்கிறான். எல்லாம் தங்கும் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி இங்கே வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து தினமும் வருவான். இரண்டு வாரம் இரண்டு பேரும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பிறகு தெரிந்த லாரி ஓட்டுனர் ஒருவரிடம் கொடுத்து ஜோஹன்னஸ்பர்க் வரைக்கும் அனுப்பினார்கள். அங்கே அழிந்ததை மீட்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஏப்ரலில் அது திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்.

“ஒரு எழுத்துகூட மிச்சமில்லன்னு எழுதியிருந்தாங்க. படிச்சிட்டு, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஸ்டூல்லதான் உக்காந்தான். நான் கடைய மூடுற வரைக்கும் எந்திரிக்கல.”

எஸ்னாத் பெட்டிக்குள் அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

“வேற டிஸ்க் போட்டுத் தரேன், ஸ்க்ரீனாவது எரியட்டும்னேன். வேணாம்னுட்டான். எரிஞ்சா எஸ்னாத் அதத் தேடுவாளேன்னான்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் நடத்துனன் சொல்வதற்கு முன்பே அவள் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்திருந்தன. சாலையோரம் உதிர்ந்த பூவை வண்டிகள் அரைத்துப் போட்டிருந்தன. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று ஒவ்வொரு மாதமாக எண்ணிப் பார்த்தாள். மார்ச்சில் நினைவுநாள் ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தபோது அது ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்திருக்கிறது. பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அவன் அப்போது என்ன கேட்டு ஜெபித்திருப்பான் என்று இப்போதுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம். தன் பிள்ளை இரண்டாம் முறை போனதைத் தனக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ள இவன் யார்? அந்தக் கோபம் சிலோமோனி ஏற்றம் வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

எழுதி வைத்த தாளைப் பார்த்துக் கம்பிகளைத் திரும்பச் சொருகினாள். துணியைப் போர்த்தினாள். ஒன்றுமே தெரியாததுபோல் இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நாளைக்கும் கேட்கலாம், அவனும் ஞாயிற்றுக்கிழமை என்பான். அப்படியே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போகும். அடுப்பில் உலை வைத்தாள். உசிப்பா கருவாட்டைத் தக்காளியோடு வதக்கினாள். சோளமாவைக் கொட்டிக் கிளறும்போது கட்டி விழுந்துவிட்டது. கல்யாணமாகி வந்த வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அப்படி விழுந்ததில்லை.

லிம்பானி வந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கும்போதே, அவள் கேட்பதற்கு முன்பே, சொன்னான்: “அம்மா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். இந்த ஞாயித்துக்கிழம கண்டிப்பா பாக்குறேன்.”

“பட்சானி கடைக்குப் போயிருந்தேன்,” என்றாள் எஸ்னாத்.

பை அவன் கையிலேயே நின்றது. மூலையைப் பார்த்தான். துணி எப்போதும் போர்த்தும் விதத்தில் இல்லை. மெதுவாக சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தான். வெளியே ஃபெஸ்டினா தன் கோழிகளைக் கூப்பிட்டு அடைத்துக்கொண்டிருந்தாள்.

“எட்டு மாசம்,” என்றாள் அவள். “எட்டு மாசமா உங்கள நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

அவன் பையைத் திறந்து உள்ளே கைவிட்டான். உள்ளங்கை அளவு உலோகப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். அதன் மூலைகள் பையில் கிடந்து கிடந்து தேய்ந்து பளபளத்தன. அதையே பார்த்துக்கொண்டு பேசினான். ஊருக்கெல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறவன் அவன். கம்பெனியின் ரசீதுகளுக்கு மூன்று பிரதி வைத்திருக்கிறான். இதற்கு எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும், திறந்தால் முகம் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டான்.

“ஏப்ரல்ல சொல்லணும்னுதான் வந்தேன். நீ வாசல்லயே நின்னு, என்னிக்குப் பாப்பீங்கன்னு கேட்ட. நீ கேக்குற வரைக்கும் உனக்கு அவ உள்ள இருக்கா. எனக்கு மட்டுந்தானே இல்ல, அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

எஸ்னாத் அந்த உலோகப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம். அவன் எழுந்து வரவில்லை. வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மா வந்தால் என்ன காட்டுவது என்று கேட்டாள். காட்ட ஒன்றுமில்லை, வாயால் சொல்லலாம் என்றான் அவன்.

“உங்களுக்கு என்ன தெரியும்? படம் எடுத்ததுக்கப்புறம் நீங்க ஒரு நாளாவது பாத்தீங்களா?”

“பாக்கல. கேட்டேன்.” அவன் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினான். “மொத பேரு கூப்பிடும்போது வெளிய ஒரு சேவல் கூவும். அவ நிறுத்திட்டு, மௌனமா இரு அப்படிம்பா. சேவலப் பாத்து.”

எஸ்னாத் அவனைப் பார்த்தாள். அந்தச் சேவல் அவளுக்கு நினைவே இல்லை. அத்தனை ஞாயிறும் அவள் பார்த்தது மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியை, அதைத் தள்ளிவிடும் விரலை, ஊக்கு குத்திய காலரை. அதைச் சொன்னாள். ஊக்கு மஞ்சள் கவுனிலா என்று அவன் கேட்டான். மஞ்சள் இல்லை, பள்ளிச் சட்டை என்றாள். விடுமுறையில் எதற்குப் பள்ளிச் சட்டை என்றான். டீச்சர் வேறு என்ன போடுவாள் என்று எஸ்னாத் கேட்டபோது அவன் உதடு கோணியது. அது சிரிப்பா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை தலையணை என்பதில் மறுபடி தகராறு வந்தது. அவன் ஐந்து என்றான், அவள் கூப்பிட்ட பெயர்களை எண்ணியிருக்கிறான். அவள் நான்கு என்றாள். யார் சரி என்று கேட்க யாருமில்லை.

“முக்காலி எங்க இருந்துச்சு?”

“இங்க.” அவன் எழுந்து சோபாவுக்கு எதிரே, ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். “நான் கதவோரம் நின்னேன். அவ தல என் நெஞ்சு வரைக்கும்…” வலது கையை நீட்டி, தன் நெஞ்சுக்கு நேராகக் காற்றில் தட்டையாகப் பிடித்தான். நகங்களின் ஓரத்தில் பிரிண்டர் மை இன்னும் போகவில்லை.

எஸ்னாத் எழுந்து போனாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

“முக்காலிமேல நின்னா இவ்வளவு கம்மியா இருக்க மாட்டா,” என்றாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். நிறுத்தினாள். யோசித்து, ஒரு விரல்கடை இறக்கினாள்.

“இங்க,” என்றாள்.

அவன் கையை அசைக்காமல் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றான்.