நாலாவது விடை

கண்ணாடிக் கடைக்கு வந்த புது மேனேஜர் முதல் வாரத்திலேயே இரண்டு காரியம் செய்தார். கவுண்டருக்குப் பின்னால் கிடந்த இரண்டு ஸ்டூல்களையும் தூக்கச் சொன்னார். சனிக்கிழமைதோறும் கடை திறக்கும் முன் ஊழியர்களுக்கு இங்கிலீஷ் க்விஸ் என்று அறிவித்தார். நின்றால்தான் ஆள் ஸ்மார்ட்டாகத் தெரிவாராம். வாயைத் திறந்த பிறகும் அப்படியே தெரியவேண்டுமாம். இதற்கு முன் பிஸ்கட் மொத்த வியாபாரத்தில் இருந்தவர். நடுவில் ஏதோ ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிக்குப் போய், கையில் சான்றிதழும் கழுத்தில் டையுமாகத் திரும்பியவர். கடையில் அவருக்குக் கிராமர் சார் என்று பெயர் விழுந்தது. அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பெருந்தன்மை.

அதுவரை அந்தக் கடையில் இங்கிலீஷ் என்றால் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைதான். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. கிராமர் சார் அதன் பக்கத்திலேயே, அதே பாணியில், மதிப்பெண் பலகை ஒன்றை மாட்டினார். முதலில் வந்தவர் பெயர் கட்டைவிரல் பருமனில். தவறியவர் பெயர் கடைசி வரியில், எறும்பு எழுத்தில்.

கட்டைவிரல் வரியை டிக்‌ஷனரி என்ற கவுண்டர் சேல்ஸ்மேன் குத்தகைக்கு எடுத்திருந்தார். வாரம் தவறாமல் பத்துக்குப் பத்து. யாரோடும் அதிகம் பேசமாட்டார். எறும்பு வரியில் இரண்டு வாரமாகக் குடியிருந்தவள் பவர் அக்கா. கவுண்டரில் பிரேம் காட்டுகிறவள். ஆள் படியேறும்போதே கண் பவர் இன்னது என்று சொல்லிவிடுவாள். பாதி தப்பாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லுகிற தோரணைக்காகவே பெயர் ஒட்டிக்கொண்டது.

பத்துக்கு ஆறு வாங்கவேண்டும். மூன்று முறை தவறினால் கவுண்டரை விட்டுவிட்டுப் பின்னறைக்கு, லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்குப் போகவேண்டும். பின்னறையில் ஜன்னல் இல்லை, பார்க்க ஒரு முகம் இல்லை. மூக்கு சப்பையான ஆளுக்கு எந்தப் பிரேம் வழுக்காது, முகம் நீண்ட பெண்ணுக்கு எது எடுப்பு என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தேடித் தருவதுதான் பவர் அக்காவுக்கு மூச்சு. அந்த மூச்சு இப்போது ஒரு மார்க்கிலோ இரண்டு மார்க்கிலோ தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் பயிற்சி கொடுத்தது புருஷன். பஸ் கண்டக்டர். போனில் பயிற்சிக் கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு, விடைகளை ஸ்டாப்பிங் மாதிரிக் கூவுவார்.

“ஷீ, டேஷ், டு ஆபீஸ். கோ, கோயிங், கோஸ். எங்க இறங்கணும், சீக்கிரம் சொல்லு.”

“கோ-ல இறங்கிக்கிறேங்க.”

“ரெண்டு ஸ்டாப் முன்னாடியே குதிச்சுட்ட. ஒருத்தி போனா கோஸ். கூட்டமாப் போனா கோ.”

“கூட்டத்துக்குக் கொடுக்காத எஸ்ஸை ஒருத்திக்கு மட்டும் ஏன் கொடுக்கிறாங்க?”

“தனியாப் போறாள்ல, துணைக்கு.”

இப்படித்தான் அவள் இலக்கணம் கற்றாள். இறந்த காலத்துக்கும் அவர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்: இஸ், ஆர் எல்லாம் இப்ப; வாஸ், வேர் எல்லாம் அப்ப. வேர் எங்கே இருக்கும்? மண்ணுக்குள்ளே. புதைஞ்சது, முடிஞ்சது. இதை மட்டும் மறக்காதே என்றார். அவள் மறக்கவில்லை. வினை அங்கேதான் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை. கேள்விகளைக் கிராமர் சாரே தயாரிப்பார் என்பதால் அவற்றில் கடையின் பெருமை ஒழுகும். கவுண்டரில் தாளை வைத்து, நின்றபடியே எழுதவேண்டும். பவர் அக்கா ஐந்துக்கு நம்பிக்கையோடு வட்டம் போட்டாள். நான்குக்குக் கடவுளை நம்பிப் போட்டாள். மிச்சமிருந்தது பத்தாவது. ‘வீ டேஷ் ஹேப்பி ஹியர்.’ நாங்கள் இங்கே சந்தோஷமாக... இஸ், ஆம், ஆர், வேர்.

நாங்கள் என்றால் இஸ்ஸும் ஆமும் ஓடிவிடும். ஆர் இப்ப. வேர் அப்ப. காலை மாற்றி நின்றாள்; குதிகாலில் இருந்து முழங்கால் வரை ஒரு வலி விறுவிறுவென்று ஏறியது. கீழே பார்த்தாள். ஸ்டூல் கிடந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் இன்னும் அழியாமல் இருந்தது.

நாலாவதை வட்டமிட்டாள். அழுத்தி.

மத்தியானம் கிராமர் சார் அறைக்குக் கூப்பிட்டார். கடவுள் நான்கையும் கைவிட்டிருந்தார், மொத்தம் ஐந்து. தாளைத் திருப்பிக் காட்டி, பத்தாவதற்கு விடை ஆர் என்றார்.

“வேர் போட்டா இலக்கணப்படி தப்பா சார்?”

அவர் டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இலக்கணம் அவர் பக்கம் இல்லை என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. “தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அர்த்தம் வேறயாப் போகுதே. முன்னாடி சந்தோஷமா இருந்தோம், இப்ப இல்லைன்னு ஆகுது.”

“அதைத்தான் சார் எழுதியிருக்கேன்.”

அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்தார். அந்த அறையில் அது இருந்தது. பிறகு கிராமர் சார் குரலைத் தாழ்த்தி, ஒரு அழிரப்பரைத் தாள் மேல் உருட்டினார். அழித்துவிட்டு ஆர் போட்டால் ஆறு மார்க், கவுண்டரில் இருக்கலாம், யாருக்கும் தெரியவேண்டாம். இவ்வளவு இறங்கி வரவும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது, தலைமைப்பண்பு என்று.

பவர் அக்கா அழிரப்பரைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு வழியே கவுண்டரைப் பார்த்தாள். மூக்கு சப்பையாக ஒருவர் வந்து, தவறான பிரேமை மாட்டி, கண்ணாடியில் முழித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கை பரபரத்தது.

“ஸ்டூலைப் போடுங்க சார், ஆர்னு எழுதுறேன். போடாம எழுதினா அது இங்கிலீஷ் இல்ல, பொய்.”

மறுநாளே பின்னறை. வீட்டில் கேட்டதும் கண்டக்டர் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். அப்புறம், சரியான ஸ்டாப்லதான் இறங்கியிருக்க, பஸ்தான் தப்பு என்றார்.

பின்னறை அவள் நினைத்த மாதிரியேதான் இருந்தது. புழுக்கம், லென்ஸ் தூள், இயந்திரத்தின் கீச்சு. ஒன்றை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் ஒரு ஸ்டூல். அவளுடைய ஸ்டூல்தான், அவள் பழைய தாவணியில் தைத்துப் போட்ட உறைகூட அப்படியே இருந்தது. அதன் ஜோடி, டிக்‌ஷனரி உட்கார்ந்த ஸ்டூல், சுவரோரம் கிடந்தது. பவர் அக்கா உட்கார்ந்தாள். வாரக்கணக்கில் தேங்கியிருந்த பெருமூச்சு ஒன்று வெளியே வந்தது.

அடுத்த சனிக்கிழமை கிராமர் சார் உஷாராகிவிட்டார். அதே கேள்வியை மறுபடி வைத்தார், வேரை மட்டும் பிடுங்கிவிட்டு. மூன்றே விடைகள். திருத்தி முடித்தவர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்னறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. பத்தாவது கேள்வியின் கீழே, மூன்று விடைகளுக்கும் அடியில், மணிமணியான கையெழுத்தில் யாரோ நாலாவதாக ‘டி’ என்று போட்டு, வேர் என்று எழுதி, வட்டமும் இட்டிருந்தார்கள். தாளின் தலையில் டிக்‌ஷனரியின் பெயர்.

“நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

“நான் ஃபெயிலான ஆள் சார். நான் சொல்லி அவர் எழுதுவாரா? அவர் கால் சொல்லியிருக்கும்.”

“மேனேஜர் பேசுறேன். எழுந்து நின்னு பதில் சொல்லுங்க.”

“மெஷின் ஓடுது சார்.” அவள் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டி, சுவரோரம் கிடந்த ஸ்டூலைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “அவரையும் இங்கயே அனுப்பிடுங்க. இது சும்மாதான் கிடக்கு. கவுண்டர்ல நீங்க நின்னுக்குங்க, ஸ்மார்ட்டா இருக்கும்.”