கடைசி இரவுக்கு வெள்ளை

1.

இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல, ஒட்டுக்கேட்டது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு பல் டொக்டரின் வாசலில், வீங்கிய கன்னத்தைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தேன். பின்கதிரைகளில் இரண்டு பெண்கள்.

"கடைசி ராத்திரி எல்லாரும் வெள்ளைதான் உடுக்கோணுமாம்."

"அல்லாஹ்வே! செத்தது ஆர்?"

"ஒருத்தரும் சாகேல்ல. கப்பல்ல அப்பிடி ஒரு சட்டமாம்."

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பல் போனது, கதை வந்தது. மிச்சமெல்லாம் என் இட்டுக்கட்டு.

ஒரு குறையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை காதால்தான் வரும். ஆட்கள் கதைப்பது கேட்கும். என்ன உடுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அப்படிப்பட்டவளின் கையில் உடுப்பைப் பற்றிய கதை வந்து விழுந்தது அந்தக் கதையின் தலைவிதி.

2.

முதல் தொடக்கம்: 'உட்துறைமுகத்தின் நீலத்தில் மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை—' வேண்டாம். இதை ஹோட்டல்காரர் எழுதட்டும்.

இரண்டாம் தொடக்கம்: 'கணவனை இழந்து மூன்று வருடமான சிவகாமிப்பிள்ளை, தன் கட்டிலில் சேலைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு—' இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

லண்டனில் இருக்கும் மகள் சுதர்சிகா, கப்பல் பயணம் ஒன்றுக்குத் தாயையும் சேர்த்துப் பதிந்திருந்தாள். சிங்கப்பூரில் ஏறி ஒரு கிழமை கடலில். பதிந்த கையோடு, எந்த இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுப்பு என்ற கப்பல்காரரின் கட்டளையையும் போனில் அனுப்பிவிட்டாள். அதை விளங்கிக்கொள்ள, மதிலுக்கு அந்தப் பக்கத்து நஜ்முன் நிஸாவைச் சிவகாமி கூப்பிட்டாள். நிஸாவும் புருசனைப் பறிகொடுத்தவள். மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகைத் தவிர வேறு கப்பல் ஏறாதவள். ஆனாலும் கட்டளை அவளுக்குத்தான் விளங்கியது.

"முதல் ராத்திரி ஸ்மாட் கஷுவலாம். அதென்ன புள்ள?" என்று கேட்டாள் நிஸா.

"வீட்டு உடுப்பும் இல்லையாம், கலியாண உடுப்பும் இல்லையாம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு ஆள் பாக்கப் போற உடுப்பு. சரி, அடுத்தது?"

"ஃபோமல். ஆம்பிளையள் கோட் போடாட்டிச் சாப்பாட்டு மண்டபத்துக்குள்ள விடமாட்டாங்களாம்."

"அது கலியாண வீடு. பிறகு?"

"கடைசி ராத்திரி வைட் நைட். எல்லாரும் வெள்ளை."

"மௌத்து வீடு, செத்த வீடு! ஆஸ்பத்திரி, கலியாணம், மௌத்து. இதைப் பாக்கவோ சிங்கப்பூர் போறாய்? இஞ்ச இருந்தே பாக்கலாமே."

(இது அடிக்குறிப்பாக வரவேண்டியது. அடியில் போட்டால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்பதால் நடுவிலேயே. நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலிருந்து இறங்கி, அரைக்காற்சட்டையோடு கோயில் வாசலுக்கு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். "இப்பிடி உள்ள விட ஏலாது" என்று இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிவிடுவோம். உடுக்கத் தெரியாத சனம் என்று சிரிப்போம். அதே மனிதர் இரவில் கோட் போட்டுக்கொண்டு, கோட் இல்லாதவனைப் பார்த்து அப்படியே சிரிப்பார். சாமிக்கும் இறால் பொரியலுக்கும் வாசற்காவல் ஒரே மாதிரித்தான்.)

3.

சிவகாமியிடம் இருந்த வெள்ளைச் சேலை ஒன்றே ஒன்று. கணவர் மூத்ததம்பி இறந்து முப்பத்தோராம் நாளன்று, அவருடைய அக்கா அன்னலட்சுமி கொண்டுவந்து, இனி இதுதான் உனக்கு என்று கையில் வைத்தது. சிவகாமி வாங்கினாள். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாம்பழ நிறச் சேலை உடுத்திக் காளி கோயிலுக்குப் போனாள். அன்றோடு மச்சாள் அன்னலட்சுமி அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

"வேற ஒரு வெள்ளை வாங்கன்."

"எந்தக் கடையில வாங்கினாலும் வெள்ளை வெள்ளைதானே, நிஸா? பிள்ளை படத்தைப் பேஸ்புக்கில போடுவாள். மச்சாள் பார்ப்பா, ஊர் பார்க்கும். கடைசியில வழிக்கு வந்திட்டாள் எண்டு சொல்லுவினம். மூண்டு வருசம் நான் வாங்கிக் கட்டின பேச்செல்லாம் வீண்."

"நாங்கள் புருசன் மௌத்தாகி இத்தா இருக்கக்குள்ள நாலு மாசமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தம், முடிஞ்சுது. உங்கட சனத்துக்குத்தான் ஆயுள் தண்டனை."

லண்டன் குரல் வேறு மாதிரி:

"அம்மா, அது சும்மா ஃபன்! ஒருத்தரும் அப்பிடி நினைக்கமாட்டினம். கடைசி நாள்தான் ஃபமிலி ஃபோட்டோ. நீங்கள் மட்டும் கலர்ல நிண்டா அசிங்கமா இருக்கும்."

இதைத்தான் முப்பத்தோராம் நாளும் சொன்னார்கள். அன்றைக்கு ஃபன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

4.

அன்னலட்சுமியை நான் பொல்லாத கிழவியாகத்தான் எழுதி வைத்திருந்தேன். 'நாகபாம்பு படமெடுத்தாற்போல—' என்று ஒரு வரிகூட இருந்தது. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, சிவகாமியின் வாசலில் நின்று அவள் கதைக்கத் தொடங்கியதும் அந்த வரி நிற்கவில்லை.

"என்ட தம்பிக்கு உடுக்காத வெள்ளையைக் கப்டனுக்கு உடுக்கப் போறியாமே?"

"ஆர் சொன்னது?"

"உன்ட மகள். 'மாமி, அம்மாட்ட நல்ல வெள்ளைச் சாறி இல்லையாம், உங்களிட்டத்தானே நிறைய இருக்கும்' எண்டு கேக்கிறாள். நான் குடுத்தது அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு, கொம்மாட்டக் கேள் எண்டனான்."

"கப்டன் ஒரு ராத்திரிக்குத்தான் கேக்கிறான், மச்சாள். நீங்கள் சாகுமட்டும் கேட்டனீங்கள்."

மச்சாள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். கதிரை இழுபட்டது.

"உடுக்காட்டி என்ன செய்வாங்கள்?"

"மண்டபத்துக்குள்ள விடமாட்டாங்கள். மேல்தட்டில போய்த் தனியாச் சாப்பிடோணும்."

"ஓம், அங்கயும் ஒதுக்கிறதுதான். மற்ற ராத்திரியளில?"

"எல்லாரும் கலர்லதான் வருவினம்."

"அப்ப எனக்கு அந்தக் கப்பல்ல ஒரு ராத்திரிதான் சோறு."

அன்னலட்சுமி முப்பது வயதாகுமுன்னே கணவனை இழந்தவள், அன்றிலிருந்து வெள்ளைதான். இந்த வசனத்துக்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. கதைக்காத இடத்தை எழுத எனக்குத் தெரியாது. ஒரு வரி விடுகிறேன்.

. . .

கட்டிலில் துணி சரசரத்தது.

"இந்த மாம்பழக் கலர் எத்தினையாம் நாளுக்கு?"

"மூண்டாம் நாளுக்கு."

"அண்டைக்குக் கோயில்ல பாத்தனான். வயிறு எரிஞ்சுது. தம்பிக்காகத்தான் எரியுதெண்டு நினைச்சன்."

"தேத்தண்ணி போடட்டோ?"

"போடு. சீனி வேண்டாம்."

5.

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் சிவகாமி வெள்ளை இரவுக்கு மாம்பழ நிறத்தில் போகிறாள். வாசலில் மறிக்கிறார்கள். மேல்தட்டில் தனியாக இருந்து, "காத்து நல்லம்" என்று சாப்பிடுகிறாள். கைதட்டுக்காக எழுதியது. அவள் ஏழு நாள் சாப்பாட்டுக்கு வந்தவள். அவளை ஏன் நான் போராளி ஆக்கவேண்டும்?

இரண்டாவதில் மச்சாள் கொடுத்த வெள்ளையை உடுத்துகிறாள். எல்லோரும் வெள்ளை என்பதால் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணவன் உள்ள பெண்கள் வெள்ளையில் ஆடுகிறார்கள். மகள் படம் போடுகிறாள், நிலாவெளியிலிருந்து ஒரு லைக் வருகிறது. கெட்டித்தனமான முடிவு. கெட்டித்தனம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது: 'மாம்பழ நிறச் சேலையில் அன்னலட்சுமி, கண்ணாடி முன்னால்—' அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். வெள்ளை உடு என்று ஒரு கூட்டம் சொன்னது. நிறம் உடு என்று சொல்ல நான் யார், இன்னொரு கப்பல் கொம்பனியா?

6.

ஆகவே கடைசி இரவுக்கு வந்துவிட்டோம். கப்பலின் ஓர் அறைக்குள் சிவகாமி. பெட்டிக்குள் வெள்ளையும் இருக்கிறது, மாம்பழமும் இருக்கிறது. வெளியே மகள்.

"அம்மா, எல்லாரும் கீழ போயிட்டினம்."

"நீயும் போ. வாறன்."

"எதை உடுக்கிறீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ, பிளீஸ்."

பெட்டியின் ஸிப் இழுபடுகிறது. கதவில் காதை வைத்துத்தான் நிற்கிறேன், ஆனால் நிறத்துக்குச் சத்தம் கிடையாது. இனி நீங்கள்தான் சொல்லவேண்டும்.

சொல்லுமுன் ஒன்று. இரண்டாம் பகுதியில் 'கணவனை இழந்து மூன்று வருடமான சிவகாமிப்பிள்ளை' என்று அரை வசனம் எழுதினேன் அல்லவா? அங்கே அவள் எந்த நிறச் சேலையில் நின்றாள் என்று நான் எழுதவில்லை. நீங்கள் ஒன்றை உடுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனீர்கள். அந்த நிறம் என்ன? என்னிடம் வேண்டாம், அவளிடமே சொல்லிப் பாருங்கள். கதவு ஒரு விரலளவு திறந்துதான் கிடக்கிறது.

"ஆர் அது வாசல்ல? கப்டனோ, மச்சாளோ, கதை எழுதிறவவோ, வாசிக்கிறவையோ, ஆரெண்டாலும் கதவைச் சாத்துங்கோ. உடுக்கிற ஆளை நிண்டு பாக்கிறேல்ல."