கொழுந்தனுக்கு ஞானஸ்நானம்

கணக்கு டீச்சரிடம் அரை மார்க் கூடுதலாக வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. அப்படிப்பட்டவர், ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து கொழுந்தனுக்கு ஸ்பூனால் பால் புகட்டிக்கொண்டிருந்தார். பாசமெல்லாம் ஒன்றுமில்லை. இறந்துபோன கணவரின் ஒரே தம்பி, வேறு நாதியில்லை.

குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவன். பெண்டாட்டியை அடித்து விரட்டியவன். அண்ணன் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காதவன். டாக்டர் கைவிரித்த பிறகு, இப்போது துரைக்கு ஞானஸ்நானம் வேண்டுமாம்! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? அவருடைய கணவர் தங்கமான மனிதர், ஆனால் ஞானஸ்நானம் வாங்காதவர். ஞாயிறுதோறும் மனைவியை சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை ஸ்கூட்டரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உள்ளே கூப்பிட்டால், “எனக்கும் சேத்து நீயே வேண்டிக்க” என்று சிரிப்பார். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாரிடமும் கேட்க டீச்சருக்குத் தைரியமில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயம்.

பாஸ்டர் வந்து பையைத் திறந்ததும் டீச்சர் மறித்தார்.

“என்ன நியாயம் பாஸ்டர் இது? ஆடுற ஆட்டமெல்லாம் ஆடிட்டு, கடைசியில நாலு சொட்டுத் தண்ணியில எல்லாம் சரியாப் போயிடுமா? அப்ப ஒழுங்கா வாழ்ந்தவங்க எல்லாம் இளிச்சவாயங்களா?”

பாஸ்டர் சாது. டீச்சரிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் அந்தச் சபையிலேயே கிடையாது.

“நீங்க சொல்றதும் சரிதான் டீச்சர். ஞானஸ்நான வகுப்புக்கும் வரல, திருந்தி வாழ்ந்து காட்ட நேரமும் இல்ல. ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போறேன்” என்று பையை மூடினார்.

கொழுந்தன் முரண்டு பிடிக்கவில்லை.

“விடுங்க பாஸ்டர். அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு மோட்சத்துக்கெல்லாம் தகுதி இல்ல. அண்ணனைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான். அவர் அங்கதானே இருப்பாரு?”

பாஸ்டர் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சரின் கணவரும் வகுப்புக்கு வராதவர்தான். நாலு சொட்டுத் தண்ணீர்கூடத் தலையில் படாதவர். மோட்சத்தின் கதவை இழுத்துச் சாத்தியது டீச்சரின் கை. கொழுந்தனோடு சேர்ந்து கணவரும் அல்லவா வெளியே நிற்கிறார்!

எழுந்துபோய் டம்ளரைக் கழுவி, குழாயில் தண்ணீர் பிடித்துவந்து பாஸ்டரிடம் நீட்டினார்.

“ஊத்துங்க பாஸ்டர்.”

“இப்பதானே வேண்டாம்னீங்க?”

“வகுப்பு, தகுதின்னு பாத்துத்தான் ஆண்டவர் குடுப்பாருன்னா என் வீட்டுக்காரருக்கும் கிடைச்சிருக்காது. சும்மா குடுக்கிறவராவே இருந்துட்டுப் போகட்டும் பாஸ்டர். ஊத்துங்க.”

கொழுந்தனின் தலையை டீச்சரே கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.