அத்தை பார்க்கக் கூடாத கோப்பு

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அத்தை தகவல் பாதுகாப்பு அதிகாரி. மாணவர்களின் பாஸ்போர்ட், மருத்துவ அறிக்கை, தங்கியிருக்கும் விலாசம் எல்லாம் அங்குள்ள கணினியில் இருந்தன. அவற்றை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வது அவள் வேலை. யார் வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டாள் என்பதால் ஆபீசில் அவளுக்குப் 'பூட்டு மேடம்' என்று பெயர். காதில் விழும்போது அவளே சிரித்துக்கொள்வாள்.

கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். வெளியே போக வேண்டுமென்றால் கூடத்தில் அண்ணனின் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அண்ணன் மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். மேற்படிப்புக்காக அவள் அத்தையின் நிறுவனம் வழியாகவே வெளிநாடு போனாள். "நம்ம கண்ணு முன்னாடி இருக்கற மாதிரிதான்" என்று அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். தினமும் வீடியோவில் அழைத்து அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்.

"அலமாரியத் திற. கதவுக்குப் பின்னாடி காட்டு."

சிட்டு போனைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாகக் காட்டுவாள். ஒருமுறை குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்த அறைத் தோழி ஈரத்தலையோடு வந்து முகம் காட்டிய பிறகுதான் அண்ணன் போனை வைத்தார். அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் சிட்டுவின் எண் வேலை செய்யவில்லை. அறையைக் காலி செய்துவிட்டாள் என்று தோழி சொன்னாள். கல்லூரியில் கேட்டதற்கு, மாணவியின் சம்மதமில்லாமல் எதையும் சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அண்ணன் மாடியேறி வந்தார்.

"அவ புது விலாசம் உன் கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"இருக்கும்ணா."

"அப்புறம் என்ன? பார்த்துச் சொல்லு."

"சொல்லக் கூடாதுண்ணா. அவ சின்னக் கொழந்தை இல்ல. நான் சும்மா திறந்து பார்த்தாலே அது தப்பு."

"பெத்த அப்பன் கேக்கறேன். நான் என்ன திருடனா?"

"யார் கேட்டாலும் இதேதாண்ணா சொல்லுவேன்."

"பூட்டு பூட்டுன்னு பேர் வாங்கினியே, கடைசியில எங்களுக்கே போட்டுட்ட!"

அன்றிலிருந்து அவள் ஆபீசுக்குக் கிளம்பும்போது அண்ணன் "இன்னிக்காவது?" என்பார். திரும்பி வந்ததும் "என்னாச்சு?" என்பார். நடுவில் இருந்த ஆபீஸ் நேரம்தான் அவளுக்கு மூச்சு விடும் நேரம்.

அதற்கும் கேடு வந்தது. ஒரு நாள் அவளுடைய உதவி அதிகாரி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், ஒரு மாணவி கேட்டிருக்காங்க. அவங்க கோப்பு உங்க கண்ணுல படாம செய்யணுமாம். உங்க ஒப்புதல் வேணும்."

"என் கண்ணுலயா? யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க அண்ணன் பொண்ணு மேடம்."

நிறுவனத்தில் உறவினர் வேலை பார்த்தால் மாணவர் அப்படிக் கேட்கலாம். அந்த விதியை எழுதியதே அத்தைதான். ஒப்புதல் கொடுத்தாள். பிறகு கை கழுவும் இடத்துக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அப்பாவோடு தன்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாளே! ஆனால் இப்படிக் கேட்டு அனுப்புகிறாள் என்றால் பெண் நன்றாக இருக்கிறாள், தெளிவாக இருக்கிறாள். அந்த நிம்மதியையும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

அன்று மாலை மடித்த துணிகளோடு அண்ணி மாடிக்கு வந்தாள்.

"விலாசம் வேணாம்மா. உயிரோட இருக்காளா? அத மட்டும் சொல்லு."

அத்தை வாய் திறக்கவில்லை. அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். அந்த மௌனத்துக்கு வேறு அர்த்தம் செய்துகொண்டு, துணிகளை மார்போடு அணைத்தபடி அப்படியே தரையில் சரிந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை அத்தையால் தாங்க முடியவில்லை.

"இருக்கா அண்ணி. நல்லாத்தான் இருக்கா."

அறை வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "ஆக, உனக்கு எல்லாம் தெரியும்!"

மறுநாள் அத்தை உதவி அதிகாரியிடம் போய், தன்மேலேயே புகார் பதியச் சொன்னாள்.

"ஒரு வார்த்தைதானே மேடம்? யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியணும். அதுதானே சட்டம்? சொல்லிடுங்க."

சொன்னார்கள். சிட்டு இனி எல்லாவற்றையும் கல்லூரியோடு நேரடியாகவே பார்த்துக்கொள்வதாகவும், இங்கே இருக்கும் தன் விவரங்களை அழித்துவிட வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டாள். அழித்தார்கள். அத்தையை மாணவர் கோப்புகளிலிருந்து விலக்கி, புது ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் போட்டார்கள்.

"வேற ஏதாவது சொன்னாளா?" என்று அத்தை உதவி அதிகாரியிடம் கேட்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தேதான் கேட்டாள்.

அவர் தயங்கினார். "அம்மா அழுதாங்களான்னு கேட்டாங்க மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னுட்டேன். அது உங்க வீட்டு விஷயமாச்சே."

சாயங்காலம் வேலை முடிந்து கீழே இறங்கியபோது ஆபீஸ் வரவேற்பறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அங்கேயே வந்து காத்திருந்து கூட்டிப் போகிறார். நாலு பேர் முன்னால் தகராறு வேண்டாம் என்று அவள் காரில் ஏறினாள்.

"அண்ணா, அவ விவரத்தையெல்லாம் அழிச்சாச்சு. இப்ப எனக்கே ஒண்ணும் தெரியாது."

"அன்னிக்கு நல்லா இருக்கான்னு சொன்ன வாய்தானே இது?"

அம்மா அழுதாளா என்று மகள் கேட்டதையாவது அண்ணியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த வீட்டில் அண்ணியிடம் சொல்வது அண்ணனிடம் சொல்வதுதான். அந்தப் பெண் விசாரித்திருக்கிறாள் என்று தெரிந்தால், அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய் அவள் வாசலில் நிற்பார். அத்தை அதை விழுங்கிக்கொண்டாள்.

சிக்னலில் கார் நின்றது. அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஏரியான்னாவது சொல்லு."