சிலையக்காவின் இடப்பக்கம்

பதினோரு வருஷமாக ஓவிய வகுப்பின் மேடையில், பிள்ளைகள் பார்த்து வரையத் துணியில்லாமல் நின்றவளுக்கு, தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கத்தான் தைரியம் வரவில்லை. ஆடாமல் அசையாமல் நிற்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சிலையக்கா. ஆறு மாதத்துக்கு முன்பு புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குளிப்பதுகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான்.

"அப்புறம் எதுக்குக்கா அங்க போய் நிக்கணும்ங்கற? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் தங்கை.

"என்னால பாக்க முடியலடி. அவங்க பாத்துப் போட்டா, தாள்ல பாத்துக்குவேன். தாள்னா பயம் இருக்காது."

ஓவிய வகுப்பு மாஸ்டர் மறுக்கவில்லை. அங்கியைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் பிடித்தது; முதன்முதலில் வந்த நாளில்கூட அவ்வளவு நேரம் ஆனதில்லை. எட்டு மாணவர்களும் மாஸ்டரும் வரையக் கரியை எடுத்தார்கள். இருபது நிமிஷம் கரி தாளில் உரசிக்கொண்டிருந்தது.

இடைவேளை மணி அடித்ததும் அங்கியைப் போர்த்திக்கொண்டு பலகை பலகையாகப் பார்த்தாள். முதல் தாளில் இரண்டு மார்பு. அடுத்ததிலும் இரண்டு. ஒருத்தி, சிலையக்காவின் தொங்கிய கையைத் தூக்கி நெஞ்சை மறைத்து வரைந்திருந்தாள். ஒருத்தன் இன்னும் தாராளம். சிகிச்சையில் கொட்டி அரை விரல் நீளம் முளைத்திருந்த முடியை இடுப்பு வரை வளர்த்துவிட்டிருந்தான். எந்தத் தைலக்காரனாலும் முடியாத காரியம். நல்ல பிள்ளைகள்தான். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கடைசியாக மாஸ்டரின் தாள். அதிலும் இரண்டு.

"உங்களுக்கும் என்னைப் பாத்தாப் பாவமா இருக்கா மாஸ்டர்?"

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பாவமெல்லாம் இல்லம்மா. சத்தியமா நான் பாக்கவே இல்ல. பதினோரு வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்குப் போட்டுடுச்சு." வெட்கத்தில் அவர் குரல் இறங்கிப்போனது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மேடையேறி, அங்கியை எறிந்துவிட்டு, இடப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி நின்றாள்.

"எல்லாரும் வேற தாள் எடுங்க. இங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கோடு இழுத்தபடியே சொன்னார்: "தழும்பு நேரா இல்லம்மா. அக்குள்லேருந்து சரிஞ்சு இறங்குது. முடியற இடத்துல கொஞ்சம் சுருங்கியிருக்கு."

ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் தலையைக் குனிந்து பார்த்தாள். ஆமாம், சரிந்துதான் இறங்கியது.